பிரேக் அக்காவின் வலது கை

வளைவு வந்தது. மாப்பிள்ளை ஸ்டியரிங்கைத் திருப்பினார். திருப்பியவர் அதை மறுபடி நேராக்க மறந்துவிட்டார்.

அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் லைசென்ஸ் வாங்கியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றதால் ஓட்டுநர் பள்ளியில் எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். கார் நடைபாதையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவரோ இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது தானாக ஏதாவது செய்யும் என்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நடைபாதையில் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

பக்கத்து இருக்கையிலிருந்த பிரேக் அக்கா வலது கையை நீட்டி ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்தாள். கை போய்ச் சேர்ந்தது, விரல்கள் மடங்கவில்லை. உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போயிற்று. அதே வேகத்தில் அவளுடைய கால் பயிற்சிக் காரில் அவள் பக்கமும் இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தது. கார் நடைபாதையோரக் கம்பித் தடுப்பை உரசிக்கொண்டு போய், தள்ளுவண்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

அந்தப் பெண் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டினாள். அக்கா இறங்கிப் போய் எல்லா வசவையும் நின்று வாங்கிக்கொண்டாள்.

"தப்பு என்னுதுதாம்மா," என்றாள்.

காருக்குள் மாப்பிள்ளை பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார். "நான்தானேக்கா திருப்பினேன்?" என்றார்.

"நீங்க கத்துக்க வந்தவர். தப்பா திருப்பத்தான் செய்வீங்க. அதைப் பிடிக்கத்தான் நான் உட்கார்ந்திருக்கேன்."

சொல்லிவிட்டு அவள் வலது கையை மடியில் வைத்து, இடது கையால் மூடிக்கொண்டாள். அன்று பள்ளி வரைக்கும் இடது கையை மட்டும் வைத்துக் காரை அவளே ஓட்டி வந்தாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்து வெகு காலமாகிவிட்டது. ஓட்டுநர் பள்ளி அவளுடைய பெரியப்பா மகனுடையது. அண்ணனுக்கு உதவியாகத் தொலைபேசி எடுக்க வந்தவள், கார் கற்றுக்கொள்ள வந்த பெண்களெல்லாம் "சொல்லிக்கொடுக்கப் பொம்பளை யாரும் இல்லையா?" என்று கேட்கவே, தானே கற்றுக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறிவிட்டாள். அவள் "பிரேக்!" என்று கத்தினால் எதிரே வரும் வண்டியும் நிற்கும் என்று சொல்வார்கள். வீட்டிலும் அதே கதைதான். கணவர் சாப்பாட்டில் மூன்றாவது தடவை உப்புப் போடப் போனால் அடுப்படியிலிருந்தே "பிரேக்!" என்று குரல் வரும். அவர் ஒரு பேக்கரியில் ரொட்டி சுடுபவர். சாது. அவளிடம் கற்றும் ஓட்டுநர் தேர்வில் தேறாத ஒரே ஆள் அவர்தான் என்பதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மார்பில் கட்டி வந்தபோது அவள் அசரவில்லை. அறுவை சிகிச்சை, மருந்து, கதிர்வீச்சு எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து வந்தாள். தலைமுடி திரும்ப முளைத்தது. வேலைக்கும் திரும்பினாள். எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்டபோதுதான் கை வீங்க ஆரம்பித்தது.

முதலில் மோதிரம் இறுகியது. அப்புறம் கடிகாரம். அப்புறம் சட்டையின் வலது கை நுழையவே மறுத்தது. தையலைப் பிரித்து உள்ளே துணி கொடுத்துத் தைத்துக்கொண்டாள். இறுக்கமான உறை மாட்டினாள், துணிக்கட்டுப் போட்டாள், உறங்கும்போது கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். வீக்கம் அசைந்துகொடுக்கவில்லை. நகக்கண்ணில் சின்னதாக ஒரு கீறல் பட்டால்கூடக் கை முழுவதும் சிவந்து, காய்ச்சல் தூக்கி அடித்தது. ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் கை இன்னும் கொஞ்சம் கனத்தது. இதையெல்லாம் அவள் அண்ணனிடம் மூச்சு விடவில்லை. முழுக்கைச் சட்டையில் மறைத்து வைத்தாள்.

கம்பித் தடுப்பில் உரசிய காரைச் சுற்றி வந்து பார்த்த அண்ணன், காரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கையைக் காட்டு," என்றார்.

அவள் காட்டவில்லை. அவரே சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று.

"எத்தனை நாளா இப்படி?"

"அதெல்லாம் சமாளிச்சுக்குவேன்ணா."

"நீ சமாளிப்ப. அந்தக் குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு?" "கை சரியாகற வரைக்கும் நீ வண்டியில ஏற வேணாம். ஆபீஸ்ல உட்காரு. போன் எடு."

"போன் எடுக்க வந்தவளை நீதானே வண்டியில ஏத்தின?"

"நான்தான் ஏத்தினேன். நானே இறக்கறேன்."

அவள் வெளியே போனாள். தெருவில் நின்று அழுதாள் என்பது கணவருக்கு மட்டும் தெரியும். அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு சர்ஜன் இருந்தார். ஒல்லியான பெண்மணி, அளந்து பேசுபவர். கையை அமுக்கிப் பார்த்தார். அமுக்கிய இடம் பள்ளமாகவே நின்றது.

"ரத்தம் மாதிரியே உடம்புல நிணநீர்னு ஒண்ணு ஓடுது," என்றார். "தண்ணி மாதிரி தெளிவா இருக்கும். அது வடியற வழியில, அக்குள்ல, கணுக்கள் இருக்கும். புற்றுநோய் பரவியிருந்ததால அதை எடுத்துட்டாங்க. வழி அடைஞ்சு போச்சு. தண்ணி கையிலேயே தேங்குது."

"வேற வழி இல்லையா டாக்டர்?"

"வழியை நாமளே உண்டாக்கலாம். முடி கனத்துல ஓடற நிணக்குழாய் ஒண்ணைப் பிடிச்சு, பக்கத்துல இருக்கற சின்ன ரத்தக் குழாயோட மைக்ராஸ்கோப்ல பார்த்துத் தைச்சுடலாம். தேங்கினது ரத்தத்துல போய்ச் சேர்ந்துடும். ஆனா ஒண்ணு. உயிரோட இருக்கற குழாய் கிடைக்கணும்."

குழாயைத் தேட முதலில் பச்சைச் சாயம் போட்டுப் பார்த்தார்கள். விரலிடுக்கில் ஊசி போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, தனி கேமராவால் பார்த்தால் ஓடுகிற குழாய்கள் கோடு கோடாக ஒளிரும். அவளுடைய கையில் கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே புகைமூட்டம். தேங்கிய நீர் தோலுக்குள் கசிந்து பரவிக் கிடந்தது.

"இந்தக் கேமராவுக்கு மேல்தோல் வரைக்கும்தான் கண்ணு தெரியும்," என்றார் சர்ஜன். "அடியில குழாய் இருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். கண்ணைக் கட்டிக்கிட்டு உங்க கையைக் கிழிக்க நான் தயாரா இல்ல."

கணவர் கையைப் பிசைந்தார்.

"இன்னொரு பரிசோதனை இருக்கு," என்றார் சர்ஜன். "ஸ்கேன்தான். கூடவே குமிழ் மருந்து போட்டுத் தேடுவோம். இங்க இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம். காலையில ஸ்கேன். குழாய் கிடைச்சா, தோல் மேல குறி போட்டு அப்படியே ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். கிடைக்கலைன்னா வீட்டுக்குப் போகலாம்."

வீட்டுக்குப் போகலாம் என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்காவின் காதில் அது கதவைச் சாத்துகிற சத்தமாக விழுந்தது.

ஸ்கேன் அறை சின்னது, குளிரூட்டியது. ஒரு படுக்கை, ஒரு இயந்திரம், சுவரோரம் ஒரு நாற்காலி. நாற்காலியில் கணவர் உட்கார்ந்தார். அதிகாலை வேலை முடித்து நேராக வந்தவர், புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. ஸ்கேன் எடுக்கும் பெண் முப்பதைத் தாண்டியவள். கண்ணாடி மூக்கில் நழுவிக்கொண்டே இருந்தது. அவளும் பதற்றமாகத்தான் இருந்தாள். அதை மறைக்க நிறையப் பேசினாள்.

"இந்த மருந்துல ரொம்பச் சின்னதா காத்துக் குமிழ்கள் இருக்குக்கா. கண்ணுக்கே தெரியாது. தோலுக்குள்ள போட்டா, நிணக்குழாய் அதை உறிஞ்சிக்கும். ஸ்கேன் ஒலி அதுல பட்டா பளிச்சுனு திரும்பி வரும். குழாய் எங்க ஓடுதோ அங்க திரையில வெளிச்சமா கோடு விழும்."

"அப்புறம் அந்தக் காத்து எங்க போகும்?"

"மூச்சுல வெளிய போயிடும்."

"வெளிய போற வழி அதுக்காவது தெரியுதே," என்றாள் அக்கா.

ஸ்கேன்காரி சிரித்தாள். அடுத்த கேள்வியில் சிரிப்பு நின்றுவிட்டது. "இதுக்கு முன்னாடி ஸ்கேனுக்கு மருந்து ஏத்தினப்ப ஏதாவது ஒத்துக்காம போச்சா?"

"ஒரு தடவை. உடம்பெல்லாம் தடிப்பு வந்துடுச்சு."

ஸ்கேன்காரி வெளியே போய் சர்ஜனிடம் பேசிவிட்டு வந்தாள். அது வேறு வகை மருந்து, இதைப் போடலாம், ஆனாலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவசர ஊசிகள் அடுக்கிய ஒரு தட்டைக் கொண்டுவந்து படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு நர்ஸ் வந்து நின்றார். கணவரின் கண் அந்தத் தட்டை விட்டு நகரவே இல்லை.

முதல் ஊசி விரலிடுக்கில் சுருக்கென்று இறங்கியது. ஸ்கேன்காரி அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு, கருவியை மணிக்கட்டில் வைத்தாள். திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பாதியில் சாம்பல் நிறத்தில் சதையும் எலும்பும். மறு பாதி கன்னங்கரேல். குமிழ் வந்தால் அந்தக் கறுப்பில்தான் தெரியும்.

கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

இரண்டாவது ஊசி. தேய்த்தாள். காத்திருந்தாள். கருவி மேலே போயிற்று, கீழே வந்தது. ஊசி போட்ட இடத்தில் மட்டும் ஒரு வெளிச்சத் திட்டு. அது அங்கேயே நின்றது.

அப்போது அக்கா மெல்லிய குரலில், "எனக்குக் கழுத்து அரிக்குதும்மா," என்றாள்.

அறையே உறைந்துவிட்டது. நர்ஸ் ஒரே எட்டில் வந்து நாடியைப் பிடித்தார். "மூச்சு முட்டுதா? தொண்டை அடைக்குதா?" கணவர் எழுந்து நின்றுவிட்டார், அவருக்குத்தான் தொண்டை அடைத்துக்கொண்டது போலிருந்தது. ஸ்கேன்காரி அவசர ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டே மறு கையால் அக்காவின் அங்கிக் கழுத்தை விலக்கினாள். தோலில் தடிப்பு இல்லை. சலவையிலிருந்து வந்த அங்கியில் சலவைச் சீட்டு ஒன்று விறைப்பாக நீட்டிக்கொண்டு கழுத்தைக் குத்திக்கொண்டிருந்தது.

நர்ஸ் கத்தரியை எடுத்து அதை வெட்டி எறிந்தார். "நல்லா உசிரை வாங்கினீங்க," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கணவர் மட்டும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாவு கன்னம் முழுக்கப் பரவியது.

சுவரில் தொலைபேசி அடித்தது. தியேட்டரிலிருந்து கேட்டார்கள். "இன்னும் கொஞ்சம்," என்று சொல்லிவிட்டு வைத்தாள் ஸ்கேன்காரி. திரும்பி வந்தபோது அவளிடம் பேச்சு வற்றிப் போயிருந்தது.

"இன்னும் ஒரு இடம்தான்க்கா. அதுக்கு மேல மருந்து போடக் கூடாது."

மூன்றாவது ஊசி மணிக்கட்டின் உள்பக்கம். தேய்த்தாள். வீங்கிய சதைக்கு அடியில் பார்ப்பதற்காகக் கருவியை அழுத்திப் பிடித்தாள். கறுப்புத் திரையில், தங்க நிறத்தில், நூல் போல ஒன்று பளிச்சென்றது.

"இதோ!" என்றாள்.

நூல் மறைந்துவிட்டது.

நான்கு பேரும் திரையையே பார்த்தார்கள். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினாள். ஒன்றுமில்லை. அவள் நெற்றியில் வியர்வை அரும்பியது. இயந்திரத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், தன் விரல்களைப் பார்த்தாள். சட்டென்று கருவியைத் தூக்கிவிட்டாள்.

"நானேதான் நசுக்கிட்டேன்," என்றாள். "அது நூல் மாதிரி இருக்கு. அமுக்கினா மூடிக்கும். அக்கா, துளிகூட அசையாதீங்க."

ஜெல்லை எடுத்துத் தோல் மேல் குவியலாகக் கொட்டினாள். கருவி சதையைத் தொடாமல் ஜெல்லின் மேலேயே மிதக்கும்படி பிடித்துக்கொண்டாள். மறு கையால், குமிழ்கள் உடைந்துவிடாமல் இருக்க ஒலியின் பலத்தைக் குறைத்தாள். இடையில் ஒரு கணம் நிறுத்தி, படுக்கையின் கால்மாட்டைப் பார்த்தாள்.

"காலை ஏன் இப்படி அழுத்தறீங்க? கட்டிலே ஆடுது."

அப்போதுதான் அக்காவுக்கே தெரிந்தது. அவளுடைய வலது கால் கட்டில் பலகையை உயிரைக் கொடுத்து மிதித்துக்கொண்டிருந்தது.

"பழக்கம்மா," என்றாள். "அடுத்தவங்க ஓட்டும்போது கால் சும்மா இருக்காது."

காலை எடுத்தாள். எடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கவாட்டில் தொங்கப்போட்டாள். நடக்கிறது நடக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை.

"வந்துடுச்சு," என்று குரல் கேட்டது. கணவருடைய குரல்.

கண்ணைத் திறந்தாள். கறுப்பில் ஒரு தங்கக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. நிற்காமல், விட்டு விட்டு, சின்னச் சின்னத் தள்ளலாக மேலே ஏறியது. பச்சைச் சாயம் பார்த்த ஆழத்துக்கும் கீழே, யாருக்கும் தெரியாமல் அது இத்தனை காலமும் வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது. ஸ்கேன்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டின் பின்னாலேயே போனாள். பேனாவால் தோலில் புள்ளி வைத்தாள். பக்கத்தில் ஓடும் சின்ன ரத்தக் குழாயைத் தேடி அதற்கும் ஒரு குறி போட்டாள். முழங்கைக்குக் கீழே இன்னொரு கோடு பிரிந்தது. அதற்கும் குறி. வெளிச்சம் மங்கி அணையும்போது கையில் இரண்டு இடங்களில் குறி போட்டிருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

தியேட்டரில் அக்காவுக்குக் கை மட்டுமே மரத்திருந்தது, நினைவு இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நடந்ததைக் காதால் மட்டும் கேட்டாள். சர்ஜன் முதல் குறியில் கீறினார்.

"குழாய் இருக்கு," என்றார் கடைசியில். "ஆனா சுவர் தடிச்சுக் கெட்டியாகிடுச்சு. நடுவுல ஓட்டை ஊசி முனைக்கும் இல்ல. இதுல தையல் நிக்காது."

அக்கா மேலே எரிந்த விளக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அடுத்த குறி முழங்கைக்குக் கீழே. கீறினார். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். மைக்ராஸ்கோப்பின் குமிழைத் திருகும் ஓசை கேட்டது. அப்புறம் வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. அக்காவுக்கு அந்த மௌனத்தில் நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலவே தோன்றின.

"பார்க்கணுமா?" என்றார் சர்ஜன் திடீரென்று.

திரையைச் சற்று விலக்கி, சுவரிலிருந்த காட்சித்திரையைக் காட்டினார். மைக்ராஸ்கோப்பின் கீழ் அந்த இடம் பெரிதாகத் தெரிந்தது: கண்ணாடி போன்ற ஒரு குழாய், சிவப்பு நிற இன்னொரு குழாயோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. குழாயை இறுக்கியிருந்த இடுக்கியைச் சர்ஜன் கழற்றினார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு சிவப்பு பின்வாங்கியது. தெளிந்த நீர் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று.

"வடியுது," என்றார் சர்ஜன். அவர் சிரித்ததை அக்கா அன்றுதான் பார்த்தாள்.

கை ஒரே நாளில் இளைத்துவிடவில்லை. வாரங்கள் போயின. முதலில் தோல் தளர்ந்தது. அமுக்கினால் பள்ளம் விழாமல் மேலே எழும்பியது. விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளங்கையைத் தொட்டன. இடது கையை விட வலது கை இன்னும் பெரிதுதான். உறையையும் கழற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்தக் காய்ச்சல் வரவில்லை.

ஆபீசில் உட்கார்ந்து அவள் போன் எடுத்தாள். கூப்பிட்டவர்களுக்கெல்லாம் போனிலேயே பாதி ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டாள் என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளை வேறொருவரிடம் பழகித் தேறி, பெண்டாட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனார்.

ஒரு மதியம் அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு, "வா," என்றார். பழைய சரக்குக் கிடங்கின் காலி மைதானத்துக்குக் காரைக் கொண்டுபோனார். அவளைப் பக்கத்து இருக்கையில் உட்காரச் சொன்னார். தான் ஓட்டினார். ஒன்றும் சொல்லாமல் வேகத்தைக் கூட்டினார். மைதானத்தின் கோடியில் சுவர். சுவர் நெருங்கும்போது சட்டென்று ஸ்டியரிங்கை அதை நோக்கி ஒடித்துவிட்டு, இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார்.

அக்காவின் கை பாய்ந்தது. விரல்கள் மடங்கி இறுகின. கார் சுவரை விட்டு விலகி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வட்டம் அடித்து நின்றது.

இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"உனக்குப் பைத்தியமாண்ணா?" என்று கத்தினாள் அவள். "நான் பிடிக்கலைன்னா?"

"நீ பிரேக்கை மிதிச்சிருப்ப," என்றார் அண்ணன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாயங்காலம் ஒரு டீச்சரம்மா புதுசா வராங்க. கிளட்ச்னா என்னன்னே தெரியாதாம். நீ பார்த்துக்க."

மழைக்காலம் முடிந்ததும் ஸ்கேன்காரி அவளை ஒரு தடவை வரச் சொன்னாள். தைத்த இடம் திறந்திருக்கிறதா என்று குமிழ் விட்டுப் பார்க்க வேண்டுமாம். அக்காவுக்கு மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தது பொய்யாகிவிட்டால்? ஒரே ஒரு ஊசி. ஜெல் குவியல். கருவி அதன் மேல் மிதந்தது. தங்கக் கோடு மணிக்கட்டிலிருந்து கிளம்பி, தழும்பு இருந்த இடத்துக்கு வந்தது. அங்கே ஒரு கணம் தயங்கியது போலிருந்தது. பிறகு ரத்தக் குழாய்க்குள் இறங்கி, சிதறி, ஓட்டத்தோடு ஓட்டமாகக் காணாமல் போயிற்று.

"எங்க போச்சு?" என்றார் மூலையிலிருந்த கணவர், பதறிப்போய்.

"எங்க போகணுமோ அங்க," என்றாள் ஸ்கேன்காரி.

அக்கா ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உறையை மாட்டினாள். மதிய வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று கணவரை அவசரப்படுத்திக்கொண்டு கிளம்பினாள்.